தொட்டியில் வளரும் பூஞ்செடிகள்



குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்தில் வாழ்பவன் நான். தொழிற்பேட்டையும் நெருங்கிய வீடுகளும் பெருகிவிட்ட ஊரில் தோட்டத்திற்கு நிலம் ஏது? ஆகவே, மொட்டை மாடியில் சில தொட்டிகள் வைத்துச் செம்பருத்தி, குண்டுமல்லி, வெட்சி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடியதாக நீங்கள் இலக்கணத்தில் படிக்கும் வெட்சியே, நம் வீடுகளில் இட்லிப்பூ என வழங்கும் செடியாகும்.

என் முதல் செம்பருத்தி மடிந்த கதையைச் சொல்லுகிறேன். அது ஓர் ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை இடைவிடாது பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் இலைகள் வாடித் தொங்கக் கண்டேன். தாகம் போலும் என்று எண்ணி, மேலும் நீர் ஊற்றினேன். பத்தே நாட்களில் செடி பட்டுப்போயிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அடித்துளை மண்ணால் அடைபட்டிருந்தது. வேர்கள் கறுத்து அழுகியிருந்தன.

இதன் காரணம் யாது? வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளிலெல்லாம் நீரே நிறைந்துவிடுமானால், வேருக்கு உயிர்வளி கிடைப்பதில்லை. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே, நீரின் நடுவிலேயே செடி வாடுகிறது! வாட்டத்தைக் கண்டதும் குடத்தைத் தூக்காமல், முதலில் ஒரு விரலை மண்ணுள் செலுத்திப் பாருங்கள். ஓர் அங்குல ஆழம் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றுங்கள்.

தொட்டியின் துளைமேல் ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புதல் நன்று. கோடையில் அதிகாலையில் நீர் பாய்ச்சுக. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு மண்மேல் வெண்மையாகப் படியக்கூடும். அப்போது மழைநீரையோ வேறு நன்னீரையோ தாராளமாக ஊற்றி, உப்பு அடித்துளை வழியே வெளியேறச் செய்க.

செம்பருத்தி புதுத் தளிர்களிலேயே பூக்கும். எனவே அளவாகக் கிளைகளை வெட்டிவிடுதல் அதற்கு நன்மையே. குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் கவாத்துச் செய்தால் கோடையில் பூக்கும். எறும்புகள் செடிமேல் ஊர்ந்தால் இலையின் அடிப்புறத்தை ஆராயுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிய நீரை நாடியே அவை வருகின்றன. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் தெளித்தால் பூச்சி குறையும்.

நிலத்தில் நிற்கும் செடி தன் வேரை நீட்டி நீரையும் உணவையும் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கோ நாம் கொடுப்பதே உணவு. நாம் செய்யும் பிழையிலிருந்து விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை. என் இரண்டாவது செம்பருத்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் என்னை மாடிக்கு அழைக்கிறது: துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு.