நினைவகத்தையே வட்டாக்கினால் கணினி வேகமாகுமா?



கணினி மெதுவாக இயங்குகிறது என்ற குறை இல்லாத வீடும் இல்லை, அலுவலகமும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடும் அலுவலகமாகட்டும், நூற்றுக்கணக்கான திருமணப் படங்களைத் திருத்தும் ஸ்டூடியோவாகட்டும், திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி காத்திருப்பது பலருக்கும் பழகிப்போய்விட்டது. உடனே எழும் கேள்வி, "புதிய கணினி வாங்கிவிடலாமா?" என்பதுதான். பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால், கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்போதுதான், இருக்கும் நினைவகத்தில் ஒரு பகுதியை வட்டு போலப் பயன்படுத்தும் பழைய உத்தி ஒருவருக்குப் பயன்படுமா, படாதா என்பது புலப்படும்.

ஒரு வினாடியும் 28 மணி நேரமும்

கணினியில் தகவல் இருக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ராம் எனப்படும் நினைவகம். மற்றொன்று, கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டு. வன்தட்டு என்பது சுழலும் இயந்திரம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவினாடி ஆகிறது. படிக்கும் முனை சரியான இடத்திற்கு நகரவேண்டும். தேவையான பகுதி சுழன்று அதன் கீழே வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், ஒரு தகவலை எடுக்கச் சராசரியாக 10 மில்லிவினாடிக்கு மேல் ஆகிவிடும். நினைவகத்தில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அங்கே அதே வேலை ஏறத்தாழ 100 நானோவினாடியில் முடிந்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டை மனிதர் உணரும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நினைவகத்திலிருந்து எடுக்க 1 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பைக் கைநீட்டி எடுப்பது போன்றது அது. இன்று பரவலாக உள்ள எஸ்எஸ்டி எனும் திடநிலை வட்டிலிருந்து எடுப்பது, புளோக்கின் கீழே உள்ள கடைக்குப் போய் உப்பு வாங்கிவருவது போன்றது. அதற்கு ஏறத்தாழ 17 நிமிடம். வன்தட்டிலிருந்து எடுப்பதற்கோ 28 மணி நேரம்! இன்று காலை 9 மணிக்குப் புறப்பட்டவர் மறுநாள் பகல் 1 மணிக்கு உப்போடு வீடு திரும்புகிறார்.

ஒரு மென்பொருள் 20,000 சிறு கோப்புகளைத் திறக்கவேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவினாடி வீதம் 200 வினாடி வெறும் காத்திருப்பிலேயே போய்விடும். அந்த 200 வினாடியும் செயலி கைகட்டி நிற்கிறது. இப்படிப்பட்ட கணினிக்கு இன்னும் வேகமான செயலி வாங்கிப் போடுவதில் பெரிய பயன் இல்லை.

நெகிழ்தட்டுக் காலத்து உத்தி

இங்கேதான் ராம் வட்டு கைகொடுக்கிறது. நினைவகத்தின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதுவும் ஒரு வட்டுதான் என்று இயங்குதளத்தை நம்ப வைப்பதே இதன் அடிப்படை. சி, டி என்ற எழுத்துகளோடு இன்னோர் எழுத்தும் சேர்ந்துகொள்ளும். மென்பொருளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வழக்கம்போல் கோப்பைத் திறக்கும், எழுதும், மூடும். ஆனால் சுழலும் தட்டு அங்கே இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1984ல் ஐபிஎம் நிறுவனத்தின் பிசி டாஸ் 3.0 வெளிவந்தபோதே விடிஸ்க் என்ற ராம் வட்டு நிரல் அதனுடன் வந்தது. நெகிழ்தட்டு கடகடவென்று ஓசையெழுப்பிய காலம் அது. அதில் உள்ள நிரல்களைக் காலையில் ஒருமுறை நினைவகத்திற்கு மாற்றிக்கொண்டால், நாள் முழுவதும் தடையின்றி வேலை பார்க்கலாம். விண்டோஸ் 98ன் அவசரத் தொடக்கத் தட்டும் பழுதுபார்க்கும் கருவிகளை ஒரு சிறு ராம் வட்டில்தான் விரித்து வைத்தது. லினக்ஸில் 2001ல் வந்த 2.4 பதிப்பிலிருந்து டிஎம்பிஎஃப்எஸ் என்ற வசதி உண்டு. முன்கூட்டியே இவ்வளவு என்று இடத்தைப் பிடித்து வைக்காமல், கோப்புகள் சேரச்சேர இடத்தை எடுத்துக்கொண்டு, அழித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது அதன் சிறப்பு.

வன்தட்டுக்கும் இந்த வட்டாரத்திற்கும் நெருங்கிய உறவு இருந்ததை நேயர்கள் அறிவார்கள். சீகேட் நிறுவனம் 1982ல் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1980களிலும் 90களிலும் உலகின் வன்தட்டுகளில் பெரும்பங்கு சிங்கப்பூரில்தான் தயாரானது. அந்த வன்தட்டின் காத்திருப்பு நேரம் உலகெங்கும் உள்ள பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலியாகவும் இருந்தது.

மின்சாரம் போனால் எல்லாம் போச்சு

வேகத்திற்குக் கொடுக்கவேண்டிய விலை ஒன்று உண்டு. நினைவகத்தில் எழுதுவது நீர்மேல் எழுத்து. ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்ட் 1966ல் உருவாக்கி, 1968ல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைய நினைவகத்தின் அடிப்படை. அதில் ஒவ்வொரு தகவல் துளியும் ஒரு மிகச்சிறிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம்தான். அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்போல் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நிற்கும். ராம் வட்டில் இருந்தவை மறைந்துவிடும்.

"இங்கே மின்சாரம் எப்போது போகிறது?" என்று சிலர் கேட்கலாம். 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் இருளில் மூழ்கியது. 2004 ஜூன் 29ஆம் தேதி எரிவாயு விநியோகம் தடைப்பட்டதால் சிங்கப்பூரின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. அவ்வளவு பெரிய தடைகூட வேண்டாம். துப்புரவு செய்பவர் தவறுதலாக ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும். இயங்குதளம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுமுறை தொடங்கினாலும் போதும். அரை நாள் தட்டச்சு செய்த கணக்கு ராம் வட்டில் மட்டும் இருந்திருந்தால், அதை மீட்டுத்தர எந்தக் கடைக்காரராலும் முடியாது. கெட்டுப்போன வன்தட்டிலிருந்துகூடப் பல வேளைகளில் தகவலை மீட்கமுடிகிறது. இங்கே மீட்பதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை.

இந்தக் குறையைப் போக்க 2005ல் கிகாபைட் நிறுவனம் ஐ-ராம் என்ற அட்டையை வெளியிட்டது. நான்கு நினைவகத் துண்டுகளைச் செருகி 4 கிகாபைட் வட்டாகப் பயன்படுத்தலாம். உடன் ஒரு மின்கலமும் உண்டு. ஆனால் அந்த மின்கலம் தாங்கியது ஏறத்தாழ 16 மணி நேரம்தான். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குச் சுவர் விசையை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்திற்கு அது எப்படிப் போதும்? எஸ்எஸ்டி விலை குறைந்ததும் அத்தகைய அட்டைகளுக்குத் தேவை இல்லாமல் போனது.

எதற்குப் பயன், எதற்கு வீண்?

மீண்டும் உருவாக்கக்கூடியவற்றை மட்டுமே ராம் வட்டில் வைக்கவேண்டும். மென்பொருள் எழுதுவோர் நிரலைத் தொகுக்கும்போது உருவாகும் ஆயிரக்கணக்கான இடைக்காலக் கோப்புகள், சுருக்கிய கோப்புகளை விரிக்கும் இடம், படத் திருத்தும் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள், இணைய உலாவி சேர்த்துவைக்கும் பக்கங்கள் ஆகியவை இதற்கு ஏற்றவை. இவை அழிந்தாலும் கொஞ்ச நேரம்தான் நட்டம். கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளித் திட்டவேலை, குடும்பப் படங்கள் ஆகியவை ஒருபோதும் அங்கே போகக்கூடாது.

எல்லா வேலையும் வேகமாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. இன்றைய இயங்குதளங்கள் ஒருமுறை படித்த கோப்பை, மிச்சமிருக்கும் நினைவகத்தில் தாமாகவே வைத்துக்கொள்கின்றன. அதே கோப்பை அடுத்த முறை திறக்கும்போது அது வட்டிலிருந்து வருவதில்லை. ஆகவே, படிப்பதற்கு மட்டும் ராம் வட்டு வைப்பவர் பெரிய மாற்றத்தைக் காணமாட்டார். ஓயாமல் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதும் வேலைகளில்தான் அதன் பலன் தெரியும். இணைய இணைப்பு மெதுவாக இருந்தாலோ, செயலியே முழுமூச்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலோ ராம் வட்டால் எந்தப் பயனும் இல்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 8 கிகாபைட் நினைவகமே உள்ள கணினியில் 4 கிகாபைட்டை ராம் வட்டுக்குத் தாரைவார்த்தால், மென்பொருள்களுக்கு இடம் போதாது. இயங்குதளம் அவற்றின் தகவல்களை வட்டுக்கு மாற்றி எழுதத் தொடங்கிவிடும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே கணினி இரட்டிப்பாகச் செய்யும்.

செய்யவேண்டியது என்ன?

முதலில் அளந்து பார்க்கவேண்டும். விண்டோஸ் பயன்படுத்துவோர், கணினி மந்தமாகும் வேளையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். செயலி ஓய்வாக இருக்க, வட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால் தாமதம் வட்டில்தான். கணினியில் இன்னும் பழைய வன்தட்டு இருந்தால், முதலில் எஸ்எஸ்டிக்கு மாறுவதே சிறந்த செலவு. மின்சாரம் போனாலும் அதில் சேமித்த கோப்புகள் அப்படியே இருக்கும். மாறாக, நினைவகம் நிரம்பி வழிந்தால், கூடுதல் நினைவகம்தான் தேவை. ராம் வட்டு அன்று. நினைவகம் தாராளமாக மிஞ்சியிருந்து, தற்காலிகக் கோப்புகளை மலைபோல் குவிக்கும் வேலையும் இருந்தால் மட்டுமே ராம் வட்டை முயன்று பார்க்கலாம்.

பெரிய இணையச் சேவைகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன. 2003ல் வந்த மெம்கேஷ்ட், 2009ல் வந்த ரெடிஸ் ஆகிய மென்பொருள்கள் தகவலை நினைவகத்தில் வைத்து நொடியில் பதில் தருகின்றன. ஆனால் மெம்கேஷ்ட் வைத்திருப்பது பெரும்பாலும் நகல்தான். மூலம் வேறொரு வட்டில் பத்திரமாக இருக்கும். ரெடிஸ், தன்னிடம் உள்ளதை வட்டிலும் பதிந்துவைக்கும் வசதியைக் கொண்டிருக்கிறது. வேகத்திற்கு நினைவகம், பாதுகாப்புக்கு வட்டு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கும் அதுவே பொருந்தும். நீர்மேல் எழுதவேண்டியதை நீர்மேல் எழுதலாம். கல்மேல் எழுதவேண்டியதை மட்டும் இடம் மாற்றி எழுதிவிடக்கூடாது.