வரிசை மாறின மூணு ஓடு

மைசூர் டிரிப் போனவங்க நிறைய பேர் அந்த ரெட்டைக் கோபுர சர்ச் முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்திருப்பீங்க. புனித ஃபிலோமினா தேவாலயம், 1933-ல அடிக்கல் நாட்டினது. அந்த ஃபிலோமினா யாருன்னு தேடப் போய்த்தான் நான் ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டேன்.

1802 மே மாசம். ரோம்ல, பிரிசில்லா கேட்டகோம். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களைப் புதைச்ச நிலத்தடிக் கல்லறைகள். அதுல ஒரு கல்லறையை மூணு சுட்ட மண் ஓடு வச்சு அடைச்சிருந்தாங்க. உள்ள ஒரு சின்னப் பொண்ணோட எலும்புகள், பக்கத்துல ஒரு கண்ணாடிக் குப்பி. ஓடுகள்ல இருந்த எழுத்து, இருந்த வரிசைப்படி: 'லுமேனா', 'பாக்ஸ்தே', 'கும்ஃபி'. அர்த்தமே இல்ல. ஆனா முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில போட்டா, 'பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா'. உனக்குச் சமாதானம், ஃபிலுமேனா. நம்ம பாஷையில சொன்னா அர்ரேயை ஒரு தடவை ரொட்டேட் பண்ணணும், அவ்வளவுதான்.

'வேதசாட்சி'ன்னு அதுல எங்கயும் எழுதல. குப்பியில இருந்தது ரத்தம்னு அப்போ நம்பினாங்க, அதனால வேதசாட்சி. 1805-ல எலும்புகள் நேப்பிள்ஸ் பக்கத்துல முஞ்ஞானோங்கிற ஊருக்குப் போச்சு. 1833-ல ஒரு கன்னியாஸ்திரி தனக்குக் காட்சி கிடைச்சதா சொன்னாங்க: இவ கிரேக்க இளவரசி, பேரரசர் டயோக்ளீஷியனைக் கட்டிக்க மறுத்தா, நங்கூரம் கட்டி ஆத்துல தள்ளினாங்க, அம்பு விட்டாங்க, கடைசியில தலையை வெட்டினாங்க. ஓட்டுல வரைஞ்சிருந்ததும் நங்கூரமும் அம்பும்தான்! அந்தக் காலக் கிறிஸ்தவர்களுக்கு நங்கூரம்னா நம்பிக்கையோட சின்னம். கதையில அதுவே சித்திரவதைக் கருவி ஆயிடுச்சு.

1835-ல பௌலின் ஜாரிக்கோ சாகக் கிடந்த நிலையில முஞ்ஞானோ போய்க் குணமாகித் திரும்பினாங்க. அதுக்கப்புறம் பேர் ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு.

அப்புறம் வந்தார் மருக்கி, தொல்லியல் ஆளு. 1904-ல அவர் வச்ச வாதம்: வரிசை மாறினது கைத்தவறு இல்ல. பழைய கல்லறை ஓட்டை எடுத்து, பின்னால வந்த வேற ஒரு உடலுக்கு மறுபடி பயன்படுத்தியிருக்காங்க. அதாவது அந்தப் பேரே அந்தப் பொண்ணோடது இல்ல. 1961-ல வத்திக்கான் வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து ஃபிலோமினாவை எடுத்துடுச்சு.

எங்க தெருவுல ஒரு பிலோமினா டீச்சர் இருந்தாங்க, எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவங்க. ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் பெரிய டிடெக்டிவ் மாதிரி சொல்லி முடிச்சேன். முழுசாக் கேட்டாங்க. "பேரு தப்பாவே இருக்கட்டும்டா. அந்தப் பிள்ளை யாரு?"

அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லைங்கிறது அப்பத்தான் உறைச்சுது. நான் பேரை மட்டும்தான் டீபக் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

முஞ்ஞானோவுல ஜனங்க இன்னும் வந்து மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் இருக்காங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.