மேட்டுநிலத்திலே தடையோட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே சர்வகலாசாலை மாணவர் சார்பிற் படிக்கப்பெற்ற பேச்சு)



 எம்முள் எழுவர் வருகின்ற ஆண்டில் மலைநாட்டிலே நடைபெறவிருக்கும் தடையோட்டப் போட்டி ஒன்றிற் பங்குபற்ற எண்ணியிருக்கிறோம். மதிலேறல், கயிறேறல், சேற்றிலே ஊர்தல், மணல்மூட்டை சுமத்தல் ஆகியவற்றை ஓட்டத்தினிடையே செய்து முடித்தல் வேண்டும். தொலைக்காட்சியிலும் காட்டுவார்களாம். இச்செய்தி வெளிப்பட்ட நாள்முதல் எம் அன்னையர் கேட்பது, "கை கால் முறிந்தால் என்ன செய்வது?" என்பது, நண்பர் கேட்பது, "எந்த நிறச் சட்டை?" என்பது. கேட்கவேண்டிய கேள்வி பிறிதொன்று. கடல்மட்டத்திலே பிறந்து கடல்மட்டத்திலே வளர்ந்த யாம், ஆறாயிரம் அடிக்கு மேலே போய் எந்த மூச்சைக் கொண்டு ஓடப்போகிறோம்?

தடை தாண்டுவது எமக்குப் புதிதன்று. கிடுகு வேலியும் கடப்பும் ஒழுங்கையும் நிறைந்த ஊரிலே வளர்ந்த பிள்ளைக்கு அது தானே வரும். ஒலிம்பிக்கிலே 3000 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் என ஒன்றுண்டு. அதன் ஆங்கிலப் பெயர் தேவாலயக் கோபுரத்தினின்று வந்தது. ஒரு கோபுரத்தைக் கண்ணாற் குறித்துக்கொண்டு, இடையிலுள்ள மதிலையும் வாய்க்காலையும் பாய்ந்து குதிரையிலே போன பந்தயம் பின்னாளிலே மனிதர் ஓடும் ஓட்டமாயிற்று. மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு அப்பெயர் அங்கேயே அறிமுகம். இன்று அவ்வோட்டத்திலே 28 தடைகளும் 7 நீர்த்தாண்டல்களும் உள. ஆடவர்க்குரிய தடை 3 அடி உயரம். சட்டவேலியைப்போல் தட்டினால் விழாது, தட்டியவன்தான் விழுவான்.

நம் நாட்டாருக்கும் இத்துறை அந்நியமன்று. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டிலே உயரம் பாய்ந்து தங்கம் கொணர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். ஆயினும் அவர்கள் வென்ற இடங்கள் தாழ்ந்த நிலத்து நகரங்கள். உயர்ந்த நிலத்திலே என்ன நேரும் என்பதை உலகம் கண்கூடாய்க் கண்டது 1968இல், மெக்சிக்கோ நகரிலேதான்.

அந்நகர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2240 மீற்றர் மேலே உள்ளது. செய்மதி வழியே அந்த ஒலிம்பிக்கைப் பல நாட்டார் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிற் கண்டனர். நம் நாட்டிற்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல் ஆதலின், நம் முன்னோர் அதனை வானொலியாலும் பத்திரிகையாலும் அறிந்தனர். பத்தாயிரம் மீற்றரில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அவுஸ்திரேலியர் றொன் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைக் கடந்ததும் நினைவிழந்து வீழ்ந்தார். தடைதாண்டி ஓட்டத்திலே வென்றவர் கெனியாவின் அமோஸ் பிவொட். நீர்த்தாண்டலிலே ஏனையோர் நனைந்த காலோடு ஓட, அவர் தடைமேல் மிதித்து நீர் முழுவதையும் தாண்டிக் கால் நனையாமற் போனார். அவர் எடுத்த நேரம் 8 நிமிடம் 51 வினாடி. நான்காண்டு முன்னர் தோக்கியோவிலே அதே ஓட்டம் 8 நிமிடம் 30.8 வினாடியில் வெல்லப்பட்டிருந்தது. ஆகவே மேட்டுநிலம் வென்றவரிடமே இருபது வினாடியை வரியாக வாங்கிக்கொண்டது. அதே மைதானத்திலே பொப் பீமன் 8.90 மீற்றர் நீளம் பாய்ந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு கணத்தில் முடியும் செயலுக்கு மெல்லிய காற்று துணை. நீண்ட ஓட்டத்துக்கோ அது பகை.

ஏன் இவ்வாறு? மேலே போகப் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை; நூற்றில் இருபத்தொரு பங்கு அங்கும் உண்டு. குறைவது காற்றின் அமுக்கம். நுவரெலியாவிலே அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. எனவே அதே மூச்சிலே கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவிற்குச் சுருங்கும். உடம்பு இதனை அறியாமலிருப்பதில்லை. சிறுநீரகம் உடனே ஒரு சுரப்பை அனுப்பிச் செங்குருதிக் கலங்களைப் பெருக்குமாறு எலும்பு மச்சைக்குச் சொல்கிறது. ஆனால் கலங்கள் பயன்தரும் அளவிற்குப் பெருக மூன்று நான்கு வாரஞ் செல்லும். அதற்கு முந்திய நாள்களிலே நடப்பது நேர்மாறு: இரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றும், தலையிடிக்கும், உறக்கங் கெடும், உணவு வேண்டாதிருக்கும். ஆதலின் இரண்டு மூன்று நாள் முந்திப் போய் "பழகிக்கொள்வோம்" என்பவன் மிகக் கெட்ட வேளையிலே ஓடுகிறான். அதனிலும், முதல்நாளிரவு ஏறி மறுநாட் காலை ஓடிவிட்டு இறங்குபவன் கெட்டிக்காரன்.

பெரியவர் ஒருவர் எம்மிடம், "பிராணாயாமம் பயின்றாற் போதுமே, தம்பிமாரே" என்றார். மூச்சை ஆளும் பயிற்சியை யாம் குறைவாய் எண்ணவில்லை. கயிற்றிலே தொங்கும்போது அஞ்சி மூச்சையடக்குபவன் இறங்கியபின் நெடுநேரம் இளைப்பான். ஒழுங்காய் மூச்சு விடுபவன் விரைவிலே மீள்வான். அந்த அளவிற்கு அது பேருதவி. எனினும் செங்குருதிக் கலத்தை அது உண்டாக்காது.

மெக்சிக்கோவுக்கு ஆயத்தஞ் செய்த நாடுகள் இதனை நன்கறிந்திருந்தன. பிரெஞ்சுக்காரர் பிரெனே மலையிலே பொன்-றொமூ என்னுமிடத்திற் பயிற்சி நிலையமே கட்டினர். அமெரிக்கர் தாஹோ ஏரிக்கு அணித்தான எக்கோ சமிற் என்னும் மலைக்கணவாயிலே, மெக்சிக்கோ நகரின் உயரத்தையே தேடிப்பிடித்து, காட்டு மரங்களை நடுவில் விட்டுச் சுற்றிலும் ஓடுபாதை அமைத்தனர். வியப்பு என்னவெனில், அதே ஏரிக்கரை மலைகளிலேதான் 2015 முதல் 2019 வரை ஸ்பார்ட்டன் றேஸ் எனும் தடையோட்டத்தின் உலகப் போட்டி நடைபெற்றுத் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. அங்கே ஈட்டி குறிதவறினால் முப்பதுமுறை தரையில் வீழ்ந்தெழவேண்டியிருந்தது. கடற்கரையிலே முப்பது என்பது விளையாட்டு. மலையிலே அது பந்தயத்தையே பறித்துவிடும்.

நமக்கு அணித்தான எடுத்துக்காட்டு இந்தியாவின் அவினாஷ் சாப்ளே. வரட்சி மிகுந்த பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இராணுவத்திற் சேர்ந்து சியாச்சின் பனிமலையிலே காவல்செய்தவர்; பின்பு கொலராடோ ஸ்பிறிங்ஸ் மேட்டுநிலத்திலே மாதக்கணக்கிற் பயின்றவர். 2022இல் பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டிலே 8 நிமிடம் 11.20 வினாடியில் ஓடி வெள்ளி பெற்றார். முதல்வந்த கெனியருக்கும் அவருக்கும் இடைவெளி வினாடியில் இருபதில் ஒரு பங்கு. மறுவருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலே தங்கம்.

இனி, எம் ஆயத்தம். குடாநாட்டிலே மலையில்லை, பனையின் வட்டுத்தான் எமக்கு எட்டிய உச்சி. ஆகையால் கால்களுக்கு வடமராட்சிக் கிழக்கின் மணற்காட்டு மணற்குன்றுகளை நாடுகிறோம். கயிறேறுதற்கு உடற்பயிற்சி நிலையத்திலும் நல்ல ஆசான் பனையேறும் தொழிலாளியே. கையால் இழுத்து ஏறாது, தளைநாரிலே காலை ஊன்றி உடம்பை உயர்த்தும் அவர் முறை ஆற்றலைச் சேமிக்கும். அவரிடம் போய்க் கற்க வெட்கப்படுபவரை எழுவரிற் சேர்த்துக்கொள்ளவில்லை. வெயில் எமக்கு நட்பு. வெப்பத்திலே பழகுவதால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். உணவிலே இரும்புச்சத்து முக்கியம். உடம்பிலே இரும்பு இல்லாதவன் எவ்வளவு உயரத்தில் எத்தனை வாரம் இருந்தாலும் கலம் பெருகாது. முருங்கையிலை வறையோடு தேசிக்காய் பிழிந்து உண்பது நன்று; சோற்றின்மேல் உடனே தேநீர் குடிப்பது, உண்ட இரும்பை உடம்பு ஏற்காமற் செய்துவிடும். (எம்முள் இருவருக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமான விரதம்.) எழுவரும் மலையேறுமுன் இரத்தப் பரிசோதனை செய்விப்போம். இதயநோயோ ஈளையோ உள்ளவர் வைத்தியரைக் கேளாமற் புறப்படலாகாது.

இவையெல்லாம் இங்கேயே ஆகும். ஆகாதது ஒன்றே: மேலே தங்கும் மூன்று வாரம். சங்கம் எமக்குச் சட்டையும் பயணச் செலவும் தர முன்வந்துள்ளது. பெரியோர் பொறுத்தருளவேண்டும், சட்டை வேண்டாம். அப்பணத்தைத் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் மாற்றித் தருக. இரவிலே நுவரெலியாவில் உறங்கி, வேகப் பயிற்சிக்கு மட்டும் 1200 மீற்றர் அளவிலுள்ள பண்டாரவளைப் பக்கம் இறங்குவது எம் திட்டம். உயரத்திலே வாழ்ந்து தாழ்விலே பயிலுதல் என்னும் இம்முறை 1997இல் அமெரிக்க ஆராய்ச்சியாளராற் சோதித்துக் காட்டப்பட்டது.

இன்னுமொன்று. உயர்ந்த நிலத்திலே தமிழர் இல்லையா? தலைமுறை தலைமுறையாக நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களிலே, கூடையைத் தலையிற் கட்டி மலைச்சரிவிலே ஏறியிறங்குபவர் யார்? அங்கே பிறந்து, அங்கே பாடசாலைக்கு நடந்து வளரும் பிள்ளையின் மார்பு எம் மார்பிலும் ஆயத்தமானது. தேசிய மட்டத்திலே நெடுந்தூர ஓட்டத்திற் பெயர்பெற்ற குமார் சண்முகேஸ்வரன் மலையகத் தமிழரே. நம்மவர் அவர்களை நெடுங்காலம் வேலையாளாகவே கண்டனர் என்பதை இந்த மேடையிலே சொல்வது சிலர்க்குக் கசக்கும். யாம் அங்கே போவது விருந்தினராய், ஓடக் கற்க. எழுவர் என்ற எண்ணையும் பதினால்வராக்கி, தோட்டத்துப் பிள்ளைகள் எழுவரை எம்மோடு சேர்த்து ஓட விரும்புகிறோம். அவர்களின் நுழைவுக் கட்டணத்தையும் சங்கம் ஏற்குமா என்பதைச் செயற்குழு அடுத்த கூட்டத்திலே முடிவுசெய்ய வேண்டுகிறோம்.

மலைநாட்டுப் பாடசாலைகளிலே படிப்பித்து இளைப்பாறிய ஆசிரியர் பலர் இந்தச் சபையிலே இருக்கிறீர்கள். உங்கள் பழைய மாணாக்கர் எவரேனும் மூன்று வாரத்துக்கு இரண்டு அறை காட்டக்கூடுமாயின், விழா முடிந்ததும் வாயிலண்டையிலே ஒரு கொப்பியோடு நிற்போம். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதித் தருக.