வாரத்துக்கு ஒரு பாத்தி



வசந்தகாலம் வந்தாலே நம்மில் பலருக்கு ஒரு வேகம் பிறந்துவிடுகிறது. இனி விடியுமுன் எழுவோம், வரவு செலவு எழுதுவோம், கோபத்தை விடுவோம், தினமும் ஒரு மணி நேரம் படிப்போம் என்று ஒரே மூச்சில் தீர்மானிக்கிறோம். பத்து நாள் போகிறது. எழுவதும் நிற்கிறது, எழுதுவதும் நிற்கிறது. "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்ற சலிப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சலிப்பைத்தான் நாம் அஞ்ச வேண்டும். அடுத்த முயற்சியை அது முளையிலேயே கிள்ளிவிடும்.

இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்கிளினைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறோம். 1706-இல் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து பிழைத்தவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் நடத்திய இளவயதில், தம்மிடம் வளர வேண்டிய குணங்களைப் பட்டியலிட்டார். முதலில் இருந்தவை 12. "உங்களுக்குக் கர்வம் என்று ஊரார் நினைக்கிறார்கள்" என ஒரு நண்பர் பக்குவமாக எடுத்துச் சொல்லவே, தாழ்ச்சி 13-ஆவதாகச் சேர்ந்தது. (அப்படிச் சொல்ல ஒரு நண்பர் இருப்பதும் பாக்கியமே!)

பதின்மூன்றையும் அவர் ஒருசேரத் தொடங்கவில்லை. களை எடுப்பவன் தோட்டம் முழுவதிலும் ஒரே நாளில் கைவைப்பதில்லை, பாத்தி பாத்தியாகத்தானே எடுக்கிறான் என்பது அவர் சொன்ன நியாயம். ஒரு சிறு நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஏழு நாளுக்கும் சிவப்பு மையால் கட்டம் போட்டார். தவறிய குணத்துக்கு நேரே இரவில் ஒரு கறுப்புப் புள்ளி. இந்த வாரம் ஒரு குணத்தின் வரிசை மட்டும் புள்ளியின்றி இருந்தால் போதும். அடுத்த வாரம் அதோடு இன்னொன்று. ஆக, ஒரு சுற்றுக்கு 13 வாரம். மார்ச்சு, ஏப்ரல், மே மாதங்களை எண்ணிப் பாருங்கள்: 92 நாட்கள், 13 வாரமும் ஒரு நாளும்! ஒரு வசந்தத்துக்கு ஒரு சுற்று கணக்காகப் பொருந்துகிறது.

நம்மவர்க்கு இது புதிதன்று. பல தலைமுறை முன்பே புனித இஞ்ஞாசியார், 1548-இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற தம் ஆன்மிகப் பயிற்சி நூலில், ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, நாட்களுக்குக் கோடிட்டு, தவறும்போதெல்லாம் புள்ளி வைத்து, நேற்றோடு இன்றையும் சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்.

பிராங்கிளினின் நோட்டு என்னவாயிற்று? தாம் நினைத்ததைவிடக் குறைகள் அதிகம் என்று கண்டு அவரே வியந்தார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது! பிறகு தந்தத் தகடுகளில் கட்டம் வரைந்து, பென்சிலால் புள்ளியிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

அவரை மிகவும் படுத்தியது ஒழுங்கு. பொருளுக்கு இடமும் வேலைக்கு நேரமும் வைப்பது. இதை எண்ணி அவர் ஒரு கதை சொல்கிறார். கோடரி வாங்கிய ஒருவன், அதன் முனையைப் போல முழுவதும் பளபளக்க வேண்டும் என்றானாம். "நீ சக்கரத்தைச் சுற்று, தீட்டித் தருகிறேன்" என்றான் கொல்லன். சுற்றினான், கை ஓய்ந்தது. "இன்னும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது, சுற்று" என்றான் கொல்லன். "புள்ளியுள்ள கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது" என்று அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அந்தக் கோடரி நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது!

நாம் 13 குணம் தேட வேண்டியதில்லை. மாணவர் மறுநாள் புத்தகங்களை இரவே எடுத்து வைக்கலாம். தாய்மார்கள் அன்றன்று செலவை அன்றன்றே எழுதலாம். ஒரு வாரத்துக்கு அது ஒன்றே.

பிராங்கிளினும் நாளடைவில் ஆண்டுக்கு ஒரு சுற்று, பிறகு பல ஆண்டுக்கு ஒரு சுற்று என்று தளர்ந்தார். பயணமும் பொதுவேலையும் மிகுந்தபோது சுற்றே நின்றுபோயிற்று. நிறைவு கிட்டவில்லை, ஆனால் முயலாதிருந்தால் இருந்திருப்பதைவிட நல்லவனாகவும் மகிழ்ச்சியுள்ளவனாகவும் ஆனேன் என்ற பொருள்பட எழுதினார். அப்போது அவருக்கு நடந்தது 79-ஆம் வயது. போகுமிடமெல்லாம் அந்தச் சிறு நோட்டை மட்டும் அவர் உடன் எடுத்தே சென்றார்.