கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

இதுவரை நீங்கள் எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டம் முடிவு செய்தது. எதை எழுத வேண்டும் என்பதை வினாத்தாள் முடிவு செய்தது. நாளை முதல் அந்த இரண்டும் இல்லை. பட்டம் வாங்கியவர்களில் பலர் புத்தகத்தை மூடிவைப்பது இந்த இடத்தில்தான். சோம்பலால் அல்ல, அடுத்து எதைப் படிப்பது என்று சொல்ல ஆளில்லாமல் போவதால். உங்கள் மனம் எதில் தானாகப் போய் நிற்கிறதோ, இனி அதுவே உங்கள் வாசிப்பையும் எழுத்தையும் நடத்தட்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். சொந்த ஈடுபாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கம் தவறு என்பதற்கு நம் கண்முன்னே சான்றுகள் இருக்கின்றன.

ஐராவதம் மகாதேவனை எடுத்துக்கொள்வோம். வேதியியலும் சட்டமும் படித்து, இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தவர். கல்வெட்டு அவருக்கு வேலையும் அல்ல, தேர்வுப் பாடமும் அல்ல. தமிழகத்துக் குகைகளில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளை ஒட்டி வெட்டப்பட்ட பிராமி எழுத்துகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924-லேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஆனாலும் பல வரிகள் தெளிவுபடாமல் கிடந்தன. அந்தப் புதிர் மகாதேவனைப் பிடித்துக்கொண்டது. 1965-ல், கரூருக்கு அருகிலுள்ள புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களை வாசித்து, பதிற்றுப்பத்து பாடும் அரசர்களோடு அவர்களைப் பொருத்திக் காட்டினார். சங்க காலத்தை ஆராய்வோருக்குப் பாறையிலேயே ஒரு பிடி கிடைத்தது. இதற்காக அவர் கற்க வேண்டியிருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். சங்கப் பாடல்கள், எழுத்தின் வளர்ச்சி, பிராகிருதம், சமண வரலாறு என்று அது நீளும். எந்தப் பாடத்திட்டமும் ஓர் ஆட்சிப் பணியாளருக்கு இத்தனையையும் புகட்டியிருக்காது. ஒரு கேள்விக்கு விடை தேடியதால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

பிடித்ததையே படித்தால் பார்வை குறுகிவிடாதா என்று கேட்பார்கள். பார்த்ததைப் போன்றதையே கைபேசி ஓயாமல் நீட்டும் காலத்தில் அது நியாயமான அச்சம்தான். ஆனால் கைபேசி நீட்டுவதைப் பார்க்க எந்த முயற்சியும் தேவையில்லை. ஈடுபாடு நம்மைப் பழக்கமில்லாத வாசல்களுக்கு நடக்க வைக்கும். அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழிலும் தலபுராணங்களிலும் தேர்ந்த சைவக் கல்வி பெற்றவர் உ.வே. சாமிநாதையர். 1880-ல் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். பொருள் விளங்காத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். தம் சமயத்தைச் சாராத ஒரு மரபை அதன் உள்ளே வாழ்ந்தவர்களிடமே கற்றார். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோளாக வந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடியது அவரை மற்றப் பழைய நூல்களுக்கு இட்டுச் சென்றது. 1887-ல் சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. ஒரே நூலின் மீது வைத்த ஆசையின் விளைச்சல் இது.

ஆசை கண்ணை மறைக்கும், விரும்பியதையே வாசிக்க வைக்கும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. குகைப் பாறையில் ஒரு கோடு உளி வெட்டியதா, வெயிலும் மழையும் பிளந்ததா என்பதைப் பொறுத்து ஒரு மன்னன் பெயரே மாறிவிடும். அங்கே ஆசை ஆபத்தானதுதான். அதைக் கட்டுப்படுத்தும் பொறுமையையும் ஆழ்ந்த ஈடுபாடே தருகிறது என்பது என் கருத்து. 1960-களில் தாம் வாசித்தவற்றை நம்பி மகாதேவன் அமர்ந்துவிடவில்லை. 1990-களில் அதே குகைகளுக்கு மறுபடி ஏறி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, தம் பழைய வாசிப்புகளைத் திருத்தினார். 2003-ல்தான் இக்கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. மேலோட்டமான விருப்பம் இவ்வளவு காலம் தாங்காது. எழுத்துக்கும் இது பொருந்தும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1950-ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் நாளிதழ்ப் பத்தியை 1996-ல் மறையும்வரை எழுதினார். 46 ஆண்டுகள் பறவையையும் விலங்கையும் மரத்தையும் அலுக்காமல் எழுதக் கடமை உணர்ச்சி மட்டும் போதாது.

வேலை தேட வேண்டிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று பெற்றோர் நினைக்கலாம். வேலையை விடச் சொல்லவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் தேடித் தேடிச் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம்.

உங்களில் எந்திரவியல் படித்த ஒருவருக்குக் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் மேல் கண் இருக்கலாம். தாவரவியல் படித்த ஒருவருக்குத் தன் ஊர் ஏரிக்கரைக் கோரைப்புல் மேல் இருக்கலாம். அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படியுங்கள். தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள், நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தமிழில் எழுதுங்கள். அப்படி எழுதப்படும் ஒவ்வொரு நல்ல பக்கமும் நம் மொழிக்குத் தேவைப்படுகிறது.