இருபத்துநான்கு மணிக் கணக்கு



'நாளை எட்டு மணிக்கு வா' என்று நண்பர் ஒருவர் நமக்குச் சொல்லி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே நாம் கேட்பது என்ன? 'காலையிலா, இரவிலா?' என்பதுதான். இக்கேள்வி நமக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. பழகிப்போனமையால் அதிலுள்ள விந்தை நமக்குப் புலப்படுவதில்லை. பொழுதை அளப்பதற்கென்றே ஒரு கருவியைச் செய்து, அதைக் கையிலும் கட்டிக்கொண்டு, அது காட்டும் மணியைச் சொன்ன பிறகும், 'எந்தப் பொழுது?' என்று மீண்டும் ஒரு முறை கேட்கவேண்டியிருக்கிறது! ஒரு தெருவில் ஒரே எண்ணுள்ள வீடுகள் இரண்டு இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவார்! நம்முடைய நாளோ, ஒவ்வோர் எண்ணையும் இரண்டு வீடுகளுக்கு இட்ட தெருவாக இருக்கிறது.

இத்தொல்லையை நீக்கும் வழி எளியது. நள்ளிரவைச் சுழியாகக் கொள்ளவேண்டும். நண்பகல் 12 மணிக்குப் பின் மறுபடியும் ஒன்று என்று தொடங்காமல் 13, 14, 15 என்று எண்ணிச் சென்று 24இல் முடிக்கவேண்டும். இரயில் நிலையத்திலும், விமான நிலையத்திலும், படைவீரர் முகாமிலும் இக்கணக்கு வழங்கிவருகிறது. அங்கே நின்றுவிட்ட இதனை நம் வீட்டு வாசலுக்குள்ளும் அழைத்துக்கொள்ளலாகாதா என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

நாளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூறுபோட்ட வழக்கம் பண்டைய எகிப்தியரிடமிருந்து வந்தது. பகலைச் சூரிய நிழலாலும் இரவை விண்மீன்களாலும் அளந்து, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு பகுதிகளாக அவர்கள் பிரித்தனர். பின்னர், பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவில் பல்சக்கரக் கடிகாரங்கள் தோன்றியபோது, இத்தாலியில் 24 மணிகளையும் ஒரே வட்டத்தில் காட்டும் கடிகாரங்கள் எழுந்தன. பிளாரன்ஸ் நகரத்துப் பேராலயத்தில் 1443ஆம் ஆண்டில் ஓவியர் பாவ்லோ உச்செல்லோ தீட்டிய கடிகார முகம் அத்தகையதே. எனினும் பன்னிரண்டு மணிக் கணக்கே நாளடைவில் வென்றது. கோபுரத்தில் மணி அடித்துப் பொழுதை அறிவித்த காலம் அது. ஒன்று முதல் 24 வரை அடிப்பதானால் ஒரு நாளைக்கு 300 அடிகள். ஒன்று முதல் 12 வரை இரு முறை அடித்தால் 156 அடிகளே. இருபத்து மூன்று ஓசைகளைப் பிழையின்றி எண்ணிக்கொண்டிருக்க எவருக்குப் பொறுமை உண்டு?

நம் முன்னோர் கணக்கு வேறு. ஒரு நாள் என்பது 60 நாழிகை. ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். சூரியோதயத்தில் தொடங்கி மறுநாள் சூரியோதயம் வரை இடையறாது எண்ணுவதை 'உதயாதி நாழிகை' என்பர் சோதிடர். பாசறையில் நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுதறிந்து சொல்லும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டில் காண்கிறோம். ஆகவே, நாள் முழுவதையும் ஒரே கணக்காக எண்ணுவது நமக்குப் புதிதன்று.

பன்னிரண்டு மணிக் கணக்கின் குறை வெளிப்படையானது இரயில் வந்த பிறகுதான். இரவும் பகலும் ஓடும் வண்டிக்குக் காலை ஐந்தும் மாலை ஐந்தும் ஒன்றாக இருத்தல் இயலாதன்றோ? 1876ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் சிறிய இரயில் நிலையம் ஒன்றில் ஒருவர் வண்டிக்காகக் காத்து நின்றார். கால அட்டவணையில் 5.35 என்ற எண்ணுக்கு அருகே பிற்பகலைக் குறிக்கும் 'பி.எம்.' என்ற எழுத்துகள் அச்சாகியிருந்தன. உண்மையில் அவ்வண்டி காலை 5.35க்கு உரியது. இரண்டெழுத்தில் ஓரெழுத்து மாறியதன் பயன், அவர் இரவு முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. அவர் சாதாரணப் பயணி அல்லர். கனடா நாட்டின் நெடும் இரயில் பாதைக்கு வழி அளந்த பொறியாளர் சான்ட்ஃபோர்டு ஃபிளெமிங் அவர். பிழையை நொந்துகொண்டு போய்விடாமல், அப்பிழைக்கு இடம் தரும் முறையையே மாற்றவேண்டும் என்று அவர் முயன்றார். கனடாவின் பசிபிக் இரயில்வே 1886இல் இருபத்துநான்கு மணிக் கணக்கை மேற்கொண்டது. அதற்கு முன்பே, 1884இல் வாஷிங்டனில் கூடிய அனைத்து நாட்டு மாநாடு, உலகப் பொது நாள் நள்ளிரவில் தொடங்கிச் சுழி முதல் 24 வரை எண்ணப்படவேண்டும் என்று தீர்மானித்திருந்தது. இத்தாலி நாடு 1893இல் இக்கணக்கை ஏற்றது. முதல் உலகப் போரின்போது, 1915இல் பிரிட்டிஷ் கடற்படையும், 1918இல் தரைப்படையும் இதனைக் கைக்கொண்டன. 'ஆறு மணிக்குத் தாக்குக' என்ற கட்டளையில் ஐயம் இருந்தால், அதற்கு விலை மனித உயிர் அன்றோ?

வானொலியில் பேசுகிற நான் வானொலியின் தோல்வி ஒன்றையும் மறைக்கலாகாது. 1934இல் பி.பி.சி. நிலையத்தார் தம் நிகழ்ச்சிகளை இக்கணக்கில் அறிவித்துப் பார்த்தனர். நேயர்கள் ஆர்வம் காட்டவில்லை. சில மாதங்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1964இல், பிரிட்டிஷ் இரயில்வேயின் கால அட்டவணை இக்கணக்குக்கு மாறியது, அது நிலைத்துவிட்டது. செவியில் ஏறாதது காகிதத்தில் ஏறியது ஏன்? பேச்சில் 'மாலை', 'இரவு' என்ற சொற்கள் தாமே வந்து ஐயத்தை நீக்கிவிடுகின்றன. தமிழில் வைகறை முதல் யாமம் வரை ஆறு சிறுபொழுதுகளுக்கும் அழகிய பெயர்கள் உள. எழுத்திலோ எண் மட்டும் தனியே நிற்கிறது. அருகே உள்ள சிற்றெழுத்தைக் கண் தவறவிட்டுவிடுகிறது. ஆகவே, பேசும்போது பொழுதின் பெயரால் பேசுவோம். எழுதும்போது இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுவோம். நான் வேண்டுவது இவ்வளவே.

ஆயினும், கணக்கை ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அதனிலேயே நினைக்கவும் பழகவேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பு முடிந்த சமயம், வெளியூரில் ஒரு வேலைக்காக நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேர்வு 13ஆம் தேதி முற்பகலில். வண்டி புறப்படும் நேரம் 0.20. அதை நான் 'இரவு பன்னிரண்டு இருபது' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதி இரவு ஏறினால் பதின்மூன்றாம் தேதி காலையில் ஊர் சேரலாம் என்று கணக்கிட்டு, 12ஆம் தேதிக்கே சீட்டு வாங்கினேன். அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றுடன் 12ஆம் தேதி இரவு நிலையத்தை அடைந்தேன். பரிசோதகர் சீட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, 'தம்பி, இந்த வண்டி நேற்று இரவே போய்விட்டதே!' என்றார். வேறு சீட்டு வாங்கி, முன்பதிவில்லாப் பெட்டியில் விடியும்வரை நின்றுகொண்டே சென்றேன். தேர்வாளர்முன் அமர்ந்தபோது கண்கள் செருகின. வேலை கிடைக்கவில்லை. குறை முழுவதையும் அந்த இரவின்மீது சுமத்தமாட்டேன். எனினும் நன்றாக உறங்கி எழுந்திருந்தால் இன்னும் தெளிவாக விடை சொல்லியிருப்பேன் என்ற எண்ணம் இன்றும் உண்டு.

பிழை எங்கே நேர்ந்தது? நம் மனத்தில் நாள் விடியலில் பிறக்கிறது. 'வெள்ளி இரவு' என்பது சனிக்கிழமை கோழி கூவும்வரை நீள்கிறது. கடிகாரத்தின் நாளோ நள்ளிரவில் பிறந்துவிடுகிறது. 0.20 என்ற எண்ணின் முன்னே நிற்கும் சுழி, 'நாள் இப்போதுதான் தொடங்குகிறது' என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைப் பன்னிரண்டாக மாற்றி, நாளின் இறுதியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சொல்ல வந்த செய்தியை மொழிபெயர்ப்பிலே இழந்துவிட்டேன்.

ஆதலின் உங்களுக்குச் சில எளிய பயிற்சிகளைச் சொல்கிறேன். உங்கள் கைப்பேசியில் இக்கணக்கைக் காட்டும் வசதி உண்டு, இன்றே அமைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள்கள் 17 என்று கண்டால் 12ஐக் கழித்து 'மாலை ஐந்து' என்று அறியலாம். பிறகு கழித்தலை விட்டுவிடுங்கள். 17 என்றால் பள்ளி விட்டு விளையாடும் பொழுது, 19 என்றால் விளக்கேற்றிப் படிக்கும் பொழுது, 21 என்றால் உணவு முடிந்த பொழுது என்று வாழ்க்கையோடு சேர்த்துப் பாருங்கள். படிப்பு நேரத்தைக் கணக்கிடுவதும் எளிதாகும்: 9.50க்குத் தொடங்கி 16.20க்கு முடித்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க ஆறரை மணி நேரம். வீட்டில் நோயுற்றோர் இருப்பின், மருந்து கொடுக்கும் வேளைகளை 6, 14, 22 என்று எழுதி ஒட்டிவையுங்கள். யார் பார்த்தாலும் ஐயம் இராது. அறிவிப்பு எழுதும்போது, '12ஆம் தேதி நள்ளிரவுக்குள்' என்னாமல், '12ஆம் தேதி 23.59 மணிக்குள்' என்று எழுதுங்கள். ஏனெனில், 12ஆம் தேதியின் 24.00 மணியும் 13ஆம் தேதியின் 0.00 மணியும் ஒரே நொடிதான். சீட்டில் மணியின் முன் சுழி நின்றால், முந்திய நாள் மாலையிலேயே மூட்டை கட்டிவிடுங்கள்.

நண்பர்களே, காலம் தவறாமை ஒரு பண்பு என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காலத்தைப் பிறர் தவறாக உணரா வண்ணம் சொல்வதும் அப்பண்பின் ஒரு பாதியே. நாம் எழுதும் ஓர் எண்ணை நம்பி யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். அவர் வெறும் தண்டவாளத்தின்முன் வந்து நிற்கும்படி நேரலாகாது. அதற்காக நாம் செய்யவேண்டியது, சில நாள்கள் பன்னிரண்டைக் கழித்துப் பழகுவது ஒன்றே.