வகுபடும் பேரெண்



ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், தூத்துக்குடி முத்துக்குளிப்பின்போது கரை சேர்ந்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, இரண்டினை அரசுக்கும் ஒன்றினைக் குளித்தவர்க்கும் ஒதுக்குவது வழக்கம். நூறு சிப்பிகளை அவ்வாறு பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். தொண்ணூற்றாறு சிப்பிகளோ மீதியின்றிப் பிரியும். நூற்றுக்குக் காரணிகள் 9. அதனினும் சிறிய 96-க்குக் காரணிகள் 12. ஆகவே, எண்ணின் பருமன் வேறு; பங்கிட இசையும் பண்பு வேறு.

இப்பண்பினை ஆழ்ந்து ஆராய்ந்தவர், ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் ஆவார். தன்னினும் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களை அவர் தனி இனமாகக் கொண்டார். அவற்றை மிகுபகு எண்கள் என்று நாம் அழைக்கலாம். 12, 24, 36, 48, 60 என்பவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதக் கழகம் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் பொருட்டே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

அக்கட்டுரையில் மிகுபகு எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. அதில் இறுதியாக நிற்பது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800 என்னும் பேரெண். 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இது மீதியின்றி வகுபடும். 29-இல்தான் முதன்முதலாக மீதி தோன்றும்.

இதன் காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. 12 என்பது 2, 2, 3 என்னும் பகா எண்களின் பெருக்கம். ஒரு காரணியை அமைக்கையில் 2-ஐ விட்டுவிடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறையும் எடுக்கலாம். இவை மூன்று வழிகள். 3-ஐ விடலாம் அல்லது எடுக்கலாம்; இவை இரண்டு வழிகள். மூவிரண்டு ஆறு காரணிகள். நம் பேரெண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்பவை ஒரே ஒரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. எனவே 7, 5, 3, 3 ஆகியவற்றையும் ஐந்து இரண்டுகளையும் பெருக்குக. விடை 10,080.

இனி ஒரு வியப்பினைக் கேளுங்கள். இப்பேரெண்ணை 23-ஆல் வகுத்தால் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 கிடைக்கும். 23 நீங்கியதால் காரணிகள் பாதியாகி 5,040 ஆகின்றன. இதற்கு முந்திய மிகுபகு எண்ணுக்குக் காரணிகள் 4,608 மட்டுமே. ஆகவே இதுவும் மிகுபகு எண்ணே. ஆனால் இராமானுஜனின் அட்டவணையில் இது இடம்பெறவில்லை! கையாற் கணக்கிட்ட அம்மேதையின் நீண்ட வரிசையில் விடுபட்டது இவ்வொன்றே.

இதனால் அவர் புகழ் குன்றியதா? இல்லை. விடுபட்டதனைக் கண்டு உணர்வதற்கான நெறியும் அவர் ஆராய்ச்சியிலேயே உள்ளது. கணிதத்தில் பெயரின் பெருமை சான்றாகாது, சரிபார்த்தலே சான்று. பெரியோர் எழுதியதை மீண்டும் போட்டுப் பார்ப்பது அவமதிப்பன்று. அவர்களை உண்மையாகக் கற்பதற்கு அதுவே வழி. நான் இன்று கூறிய எண்களையும் அவ்வாறே தாளில் எழுதிப் பெருக்கிப் பாருங்கள்.